தொட்டதுக்குத்தான் கணக்கு

ஹட்டன் ஸ்டேஷன் ரோட்டுக் கடையில்
கேட்காமலே ஒரு பெரிய தட்டு வரும்.
ரோல்ஸ் நாலு, பெட்டிஸ் மூன்று,
மீன் பணிஸ், உளுந்து வடை,
முக்கோணமாய் மடித்த ரொட்டி.
தொட்டதுக்குத்தான் காசு.
தொடாதது அடுத்த மேசைக்குப் போகும்.

கல்யாணமான புதிதில் இது எனக்குத் தெரியாது.
"எல்லாம் நமக்கா?" என்றேன்.
சந்தனம் ஒன்றும் சொல்லாமல்
தட்டைச் சுவர்ப் பக்கமாய் நகர்த்தி வைத்தார்.
சம்பள நாள்தான்.
ஆனாலும் ஒரு லொறி டிரைவரின் சம்பள நாள்.
ஆளுக்கொரு ரோல்ஸ், ஆளுக்குப் பாதிப் பெட்டிஸ்,
மிச்சத்தைப் பார்த்துக்கொண்டே பிளேன்டீ.

அப்போதெல்லாம் நாங்கள் இருந்தது திரைக்குள்ளே.
பொம்பளையோடு வந்தால் ஃபெமிலி ரூம்.
பச்சைத் துணி. கை கழுவச் சோம்பியவர்கள்
விட்டுப்போன மஞ்சள் விரல்கள் அதில் ஏராளம்.
வெளியே யார் யாரென்று தெரியாது.
கொத்து போடும் தகரச் சத்தம்,
கல்லாவில் சில்லறை,
கூரையில் மழை, அது எப்போதும்.

போன வருசம் மகன் கட்டாருக்குக் கூப்பிட்டான்.
ஒரு மாத விசா.
கடலோரம் ஒரு லெபனான்காரர் கடை,
கதிரைக்குக்கூட உடுப்புப் போட்டிருந்தார்கள்.
எங்களை உட்காரவைத்துவிட்டு
நிரோஷன் காரை நிறுத்தப் போனான்.
கேட்காமலே வந்தது ஒரு கூடை:
பந்துபோல் ஊதிய ரொட்டி, ஆவி பறக்க,
பக்கத்தில் ஒலிவ் காய்,
ரோஸ் நிறத்தில் ஏதோ ஊறுகாய்.
மேசைக்கடியில் சந்தனம் என் காலை மிதித்தார்.
தேவையே இல்லை, எனக்கும் புரிந்திருந்தது.
இருவருமாய்க் கூடையை மெல்லச்
சுவர்ப் பக்கம் தள்ளினோம்.
அங்கே சுவர் இல்லை. கண்ணாடி.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடல்.

அவன் வர இருபது நிமிசம்.
காற்றுப் போன பலூனாய்
ரொட்டிகள் படுத்துவிட்டன.
"ஏம்மா சாப்பிடல? அது சும்மா குடுக்கிறது."
சும்மாவா?
பிறகு இறைச்சி வந்தது, பருப்பு அரைத்த ஏதோ வந்தது,
கண்ணாடிக் கிளாசில் புதினா மிதக்கும் தேத்தண்ணி வந்தது.
"தேயிலையில கீரை போட்டிருக்கான்" என்றார் சந்தனம்,
முழுக்கக் குடித்துவிட்டு.
எல்லாம் ருசிதான்.
ஆனால் இன்றைக்கும் எனக்குப் பசிப்பது
அந்த ரொட்டிக்கு.

ஏப்ரல் லீவுக்கு அவன் வந்தான்.
அதே ஸ்டேஷன் ரோட்டுக் கடை.
திரையைக் கழற்றியிருந்தார்கள்,
கம்பி மட்டும் மேலே மிச்சம்.
ஜவுபர் தட்டைக் கொண்டுவந்து வைத்தான்.
மகன் பேசிக்கொண்டே எடுத்தான்,
கட்டார் வெயிலைப் பற்றி ஒரு ரோல்ஸ்,
முதலாளியைப் பற்றி இரண்டு,
கல்யாணப் பேச்சை மாற்ற ஒரு மீன் பணிஸ்.
அவன் அப்பாவின் உதடு எண்ணியது.
ரோல்ஸ் ஒன்று இப்போது நூற்றைம்பது.
மிதிக்கலாமென்று கால் போனது,
என் காலால் தடுத்தேன்.

தட்டு காலியானது.
முப்பது வருசத்தில் முதல் தடவை
அதன் அடியைப் பார்த்தேன்.
நடுவில் ஒரு நீலப் பூ இருந்தது,
ஓரம் தேய்ந்து.

இப்போது பலபேர் போனில் சொல்லி
பெட்டியில் வாங்கிப் போகிறார்கள்.
பஸ்ஸில் பக்கத்துப் பிள்ளையின் மடியில்
கொத்து மணக்கிறது.
நான் மாதம் ஒருமுறை, சுகர் கிளினிக் முடிந்து,
தனியாக வந்து ரோட்டைப் பார்த்த மேசையில் உட்காருகிறேன்.
எந்தப் பொம்பளை தனியாகச் சாப்பிடுகிறாள் என்று
இரண்டு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.
பார்க்கட்டும்.
முழுப் பெட்டிஸ். பாதி இல்லை.
வீட்டில் இதைச் சொல்வதில்லை.

நேற்று ஜவுபர் துடைத்துக்கொண்டே கேட்டான்,
"ஐயாவுக்கும் சுகரா அம்மா?
செவ்வாக்கிழம வந்தா
பிளேன்டீக்குச் சீனி வேணாங்கிறார்,
ரோல்ஸ் மட்டும் மூணு."

தட்டை என் பக்கம் இழுத்தேன்.
வடையைத் தொட்டுவிட்டேன்,
அதுவும் கணக்கில் வரட்டும்.