கருக்கல்

பாளையங்கோட்டையில் கோர்ட்டுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடை மாடியில்
வக்கீல் சபூரா பீவி
கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார்.

வகுப்பு: நாற்பத்தொன்று.
சொல்: கருக்கல்.
உரிமையாளர்: செல்வின் ஜெபதாஸ், திசையன்விளை.

சூரியனுக்கு முன்னால் வருகிற அந்த இருட்டு
இப்போது செல்வின் பெயரில் இருக்கிறது.

ஐந்து வருஷமாய் நாங்கள் படம்பிடித்தது அதைத்தான்.
விடியுமுன் திறக்கிற கடைகள்,
முதல் பஸ்ஸில் ஏறுகிற பூக்கூடைகள்,
களக்காட்டுத் தார்கள் லாரியில் அடுங்குகிற சத்தம்.
கேமரா அவனுடையது.
குரல் என்னுடையது.
மெயில் ஐடி அவன் தம்பியுடையது.

ஒரு தாள்ல எழுதிக்கிடுவமா செல்வின் என்று
மூன்றடைப்பு டீக்கடையில் கேட்டேன்.
நாம என்ன சொத்தா பிரிக்கோம் என்றான்.
முத்திரைத்தாள் அப்போது இருபது ரூபாய்.
டீயும் வடையும் முப்பத்தாறு.
அதையும் நான்தான் கொடுத்தேன்.

"பதிவு பண்ணுததுக்கு முன்னால
நாலு மாசம் இதழ்ல போட்டிருந்தாங்க.
ஆட்சேபணை இருந்தா சொல்லியிருக்கலாம்."

அந்த நாலு மாசமும் நான் எங்கே இருந்தேன்?
ராதாபுரம் பக்கம், காற்றாலைக்குக் கீழே,
மைக்கில் ஆடிக்காற்று ஏறாமல்
முந்தானையால் பொத்திக்கொண்டு
வணக்கம், இது கருக்கல்
வணக்கம், இது கருக்கல்
என்று பதினேழு தடவை.

சபூரா குற்றம் சொல்லவில்லை. கேள்விதான் கேட்டார்.
ரசப்பொடிக் கம்பெனி கொடுத்த நாற்பதாயிரம்
எந்தக் கணக்கில் வந்தது?
பிடித்த வரி யார் பான் நம்பரில்?
விளம்பரம் என்று திரையில் எழுதினீர்களா?

எழுதவில்லை.
அந்தப் பொடியை நான் ருசிக்கவும் இல்லை.
சும்மா மணமா இருக்கு என்று சொன்னேன்.
நாலு லட்சம் பேர் கேட்டார்கள்.

அப்புறம் மாடக்கண்ணு ஞாபகம் வந்தார்.
பாவூர்சத்திரம் சந்தையில் மூட்டை இறக்குகிறவர்.
அவர் கொட்டாவி விட்ட நேரம் பார்த்து நிறுத்தி,
சிவப்பு அம்புக்குறி போட்டு முகப்பில் வைத்தோம்.
யாரிடமோ நம்பர் வாங்கிக் கூப்பிட்டார்.
"எம் மூஞ்சிக்கு எம்புட்டுன்னு வச்சிருக்கிய?"
ஸ்பீக்கரில் போட்டுச் சிரித்தோம், செல்வினும் நானும்.

என் குரலுக்கு எம்புட்டு என்று கேட்கத்தான்
இன்றைக்கு இந்த மாடி ஏறியிருக்கிறேன்.

"பேசினது யாரு எழுதினது?"
நான்.
"எதுல?"
கரண்ட் பில்லுக்குப் பின்னால். பால் கவரில்.
மருந்துச் சீட்டில் கொஞ்சம்.
"இருக்கா?"
ஒரு சாக்கு இருக்கிறது.

முதல்தடவையாகச் சிரித்தார்.
"அவருக்கு எழுதிக் கொடுத்தியளா,
இது ஒனக்குன்னு, கையெழுத்துப் போட்டு?"
இல்லை. நாங்கதான் தாளே எழுதலையே.
"அப்ப அந்த எழுத்து இன்னும் ஒங்களுதுதான்.
பேரு விஷயம் வேற. நீங்களும் சேர்ந்து நடத்துனதுன்னு
ரத்துக்கு மனுப் போடலாம். வருஷம் ஆகும்.
சாக்கை மட்டும் எலி கடிக்காமப் பாத்துக்கிடுங்க."

எழுதாத தாள் ஒரு கையால் எடுத்துக்கொண்டு
மறுகையால் கொஞ்சம் திருப்பித் தந்திருக்கிறது.
நியாயமா என்று எனக்குத் தெரியவில்லை.
கீழே வந்து விலை கேட்டேன்.
அதே தாள் இப்போது இருநூறு.

மறுநாள் நாலரை மணி. ஜங்ஷன்.
பால் வண்டிக்குப் பின்னால்
கருக்கல் வந்துகொண்டிருந்தது,
விண்ணப்ப எண் எதுவும் இல்லாமல்.
இட்லிக் கடைக்காரம்மா சந்தனமாரியிடம்
பேனாவை நீட்டினேன்.
படம் பிடிக்க சம்மதம் என்று ஒரு வரி.
"இதுக்கெல்லாமா கையெழுத்து?"
ஆமா அக்கா.
ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு,
நான் நினைத்ததைவிட நேரம் எடுத்து
முழுசாய் வாசித்துவிட்டுப் போட்டார்.

புதிய பெயர் ஒன்று வைத்திருக்கிறேன்.
நல்ல பெயர்.
பதிவு முடியட்டும், சொல்கிறேன்.