ஏழாவது பிரிவு

மனாமா, ஹூராவில் நாலாவது மாடி.
லிஃப்ட் மூன்றோடு நின்றுவிடும்.
வாசலில் இரண்டு பித்தளைப் பலகை:
ஒன்று பசிபிக் தீவு, ஒன்று மலைநாடு.
வரைபடத்தில் இரண்டுக்கும்
நிலத்தைவிடப் பெயர் நீளம்.
வாடகை பாதி பாதி.
ஏசி ஒன்று, ஜெராக்ஸ் ஒன்று,
கடிகாரம் மட்டும் மூன்று.
குமாஸ்தா நான் ஒருவன்தான்,
தூத்துக்குடி மரியசெல்வம்.

ஒப்பந்தத்தில் பதினான்கு பிரிவு.
ஏழாவதை டைப் அடித்தபோது
சிரிப்பு வந்தது எனக்கு:
ஒருவர் இல்லாதபோது
அவருடைய குடிமக்களுக்காக
மற்றவர் கையொப்பமிடலாம்.

சித்ராவில் கப்பலை அநாதையாக விட்டு
முதலாளி ஓடிப்போயிருந்தான்.
தீவுக்கார மாலுமி ஒருவன்
பாஸ்போர்ட் இல்லாமல், ஒற்றைச் செருப்போடு
படியேறி வந்தான்.
தீவின் தூதர் விடுப்பில்.
மலைநாட்டு ஒடிலியா அம்மையார்,
நாற்பது வயதில்தான் முதன்முதலாகக் கடல் பார்த்தவர்,
அவன் ஊர்ப்பெயரை
எழுத்தெழுத்தாகக் கேட்டு எழுதினார்.
முத்திரை மை காய்ந்திருந்தது.
வாயால் ஊதி ஊதி
அழுத்திக் குத்தினார்.
ஓரம் கொஞ்சம் கலைந்தது. போதும்,
விமானம் ஏற அது போதும்.

அவன் இறங்கிப் போன பிறகு
ஆறிய காப்பியோடு வந்து கேட்டார்:
"உங்கள் தூதரகம் எப்படி, செல்வம்?"

"பெரியது, மேடம்.
முந்நூற்றுப் பத்தாம் டோக்கன்
இன்னும் என் பர்ஸில் இருக்கிறது."