ம்

மூன்று நாளாக நின்றுகொண்டே சாப்பிடுகிறோம்.
மேசை முழுக்கத் துணி.
அதே மேசையில் உட்கார்ந்து சாப்பிடும்போது
மடியில் விரிக்கத்தான் இத்தனை துணியும்
என்பதை எண்ணிச் சிரிக்க
வீட்டில் யாருக்கும் பொறுமை இல்லை.

டுலூத்தில் பிப்ரவரி.
ஏரி உறைந்து கரையோடு கரையாகிவிட்டது.
ஜன்னலில் வெள்ளை,
அதற்கு அப்பால் கொஞ்சம் அழுக்கு வெள்ளை.
நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்;
குளிர்காலம் முழுக்க நான் பார்க்கும் ஒரே நிறம்
அந்த மஞ்சள்.
கடையின் மிச்சத்துணிப் பெட்டிக்குள்
முழங்கை வரை கையை விட்டு அள்ளிவந்தேன்:
மயில்கழுத்து, அரக்கு, கிளிப்பச்சை, கத்தரிப்பூ,
வெள்ளைப் புள்ளி வைத்த செங்கல்.
மஞ்சள் கையில் தட்டுப்பட்டது. விட்டுவிட்டேன்.

ஆளுக்கொரு நிறம்.
ஆர்வோவுக்கு அரக்கு, லின்னேயாவுக்குக் கத்தரிப்பூ,
காஸ்பர் எதுவானாலும் சரி என்றான், அதனால் பச்சை.
மாடியில் குடியிருக்கும் டூஃப்ரேனுக்குச் செங்கல்.
மயில்கழுத்தை யாரும் கேட்குமுன் எனக்கு எடுத்துவைத்தேன்.

ஓரத்தை அரை அங்குலம் மடி, இஸ்திரி போடு.
இன்னொரு அரை அங்குலம் மடி, இஸ்திரி போடு.
இதுவரை பிள்ளை விளையாட்டு.
மூலைதான் வம்பு.
மடிப்பெல்லாம் அங்கே வந்து கூடிக்கொண்டு
ஊசி ஏறாத மேடாகிவிடும்.
முனையைச் சாய்த்து நறுக்கி, புரட்டி,
மழுங்கின பென்சிலால் உள்ளேயிருந்து தள்ளினால்
கூராக ஒரு மூலை எட்டிப்பார்க்கும்.
எனக்கு முதல் எட்டும் நாய்க்காதுதான்.

ஒன்பதாவது மூலையில்,
உதட்டிடையே ஆறு குண்டூசியோடு நான் குனிந்திருந்தபோது
ஆர்வோ கதவோரம் வந்து நின்றான்.
"ஞாயிற்றுக்கிழமை ரெய்னோவைக் கூப்பிடவா?"

ரெய்னோ அவன் தம்பி.
நாலு வருஷமாக எங்கள் படியேறியதில்லை.
படகை விற்ற அன்று நான் சொன்ன ஒரு சொல்.
என்ன சொன்னேனென்று நினைவில்லை
என்று எல்லோரிடமும் சொல்லிவருகிறேன்.
நினைவிருக்கிறது.

வாயைத் திறந்தால் ஊசி விழும்.
விழுந்த ஊசியைக் கண்டுபிடிப்பது
எப்போதும் யாரோ ஒருவர் பாதம்.
"ம்" என்றேன்.

பொறு, காதில் விழுந்தது, இப்போது வேண்டாம்,
இந்த மூலை முடியட்டும், பிறகு பேசலாம்:
இத்தனையும் அந்த "ம்"முக்குள் இருந்தது.
அவன் அதில் "சரி"யை மட்டும் எடுத்துக்கொண்டு
தொலைபேசியிடம் போய்விட்டான்.

ஐந்து ஆறாக வேண்டும்.
துணி தீர்ந்துவிட்டது, சாலையைப் பனி மூடிவிட்டது.
அலமாரி அடியில் கிடந்தது
ஓட்டுநர் சங்கம் கொடுத்த பருத்திச் சட்டை,
போடாமலே பழசானது.
முதுகுப்பக்கம் ஒரு சதுரம் தேறியது.
மஞ்சள்.

ஞாயிறு. மீனும் உருளைக்கிழங்கும் போட்ட பால் சூப்,
பீட்ரூட் சாலட்.
யாரும் துண்டைத் தொடவில்லை.
ஆர்வோ விரலை நக்கினான்.
காஸ்பர் ஜீன்ஸில் துடைத்தான்.
டூஃப்ரேன் செங்கல் துண்டைத் தட்டிலிருந்து தள்ளித் தள்ளி
பத்திரப்படுத்திக்கொண்டே இருந்தார்.
அத்தனை அழகாயிருக்கிறதாம்.

ரெய்னோவுக்கு ஒன்றும் தெரியாது.
மஞ்சளை உதறி விரித்து
வாயையும் மீசையையும் பீட்ரூட்டோடு
அழுந்தத் துடைத்துக் கீழே வைத்தான்.
மேசை மூச்சை நிறுத்திக்கொண்டது.
எனக்கோ, மூன்று நாளாக முதுகில் இருந்த எதுவோ
இறங்கி உட்கார்ந்தது.

அப்புறம் எல்லோரும் துடைத்தார்கள்.

ரெய்னோ துண்டைப் புரட்டிக்
கட்டைவிரலால் மூலையைத் தடவிப்பார்த்தான்.
படகுப் பாய் தைக்கிறவன்.
"இதை நறுக்காமலே மடிக்கலாம்," என்றான்
என்னைப் பார்க்காமல்.

என் வாயில் அப்போது ஊசி இல்லை.
எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம்.
"ம்" என்றேன்.

உப்பு, எலுமிச்சை, கொதிநீர்:
கறை இளஞ்சிவப்பாகி, அதற்குமேல் இறங்க மாட்டேனென்றது.

திங்கட்கிழமை காலை
பேருந்தை ஏரிக்கரைச் சாலையில் திருப்பும்போது
மணிக்கட்டில் சுருக்கென்றது.
ஸ்வெட்டர் மடிப்பில் ஒரு குண்டூசி.
ஆறையும் எண்ணி வைத்ததாகத்தான்
நினைத்திருந்தேன்.