மூன்று நொடி

மணிக்கு நூற்று முப்பதில் வருகிறவனுக்குப்
பலகையைப் படிக்க மூன்று நொடிதான்
என்றாள் மெத்கா,
லுப்லியானா நெடுஞ்சாலைக் கழகத்துக்காரி.
நான் எழுதிப்போனது பதினொரு சொல்.
பென்சிலை என் பக்கம் உருட்டிவிட்டாள்.
'தயவுசெய்து' முதலில் போனது.
'உங்களைப் போலவே' போனது.
'வீட்டில் காத்திருக்கும்' என்பதை அடிக்க
காப்பி ஆறும்வரை ஆயிற்று.
மிச்சம்:
நான் வேலையில் இருக்கிறேன். விலகு.

படத்துக்கு ஸ்வோன்கோ.
ட்ரோயானே ஏற்றத்தில் பத்தொன்பது வருஷம்
பழுதான கார்களைக் கட்டி இழுத்தவர்.
'கொஞ்சம் சிரியுங்கள்' என்றான் படக்காரன்.
'அந்த ஓரத்தில் நின்று எவன் சிரித்தான்?'
லாரி கடக்கையில் காற்று முதலில் தள்ளும்,
அடுத்து உள்ளே இழுக்கும்.
செய்தே காட்டினார், ஸ்டூடியோவின் வெள்ளைத் திரைமுன்,
தொப்பியை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு.
அதைத்தான் எடுத்தோம்.

அக்டோபரில் நாற்பது பலகைகள்.
வானொலியில் மணிக்கொரு தரம் அவர் கரகரப்பு.
என் மாமியார்கூடப் பாராட்டினாள்.

பதினேழாம் தேதி விடிகாலை, மூடுபனி,
மாரிபோருக்கு முன்னால்
இருபத்திரண்டாம் பலகையின் இரும்புக் காலில்
ஒரு சாம்பல்நிற ஸ்கோடா.
செய்தி வந்ததும் எனக்குள் முதலில் எழுந்தது
ஆள் பிழைத்தானா என்பதல்ல.
படித்துக்கொண்டிருந்தானா?

மதியம் மெத்கா அழைத்தாள்.
தூக்கமாம். இரவெல்லாம் ரொட்டி சுட்டுவிட்டு
வீடு திரும்பியவன்.
இடுப்பெலும்பு இரண்டிடத்தில்; உயிர் இருக்கிறது.
பலகையைப் பார்க்கவே இல்லையாம்.
'நல்லவேளை' என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.
யாருக்கு நல்லவேளை?
மெத்கா கேட்கவில்லை.
போனில் அவள் மூச்சு மட்டும்
கொஞ்ச நேரம் இருந்தது.

காரை இழுக்கப் போனவர் ஸ்வோன்கோவேதான்.
ஐந்து மீட்டர் உயரத்தில் தன் முகம்,
பறக்காத தொப்பியைப் பிடித்தபடி.
கீழே, பனியில், கொக்கி மாட்டக் குனிந்திருந்த நேரத்தில்
வேகம் குறைத்தவை நாலு வண்டி.
எண்ணினாராம். எண்ணுவது பழக்கம்.
நாலாவது, ஓரமாகவே நின்றுவிட்டது,
நிற்கக் கூடாத அதே ஓரத்தில்.
ஜன்னல் இறங்கி, ஒரு கை நீண்டு,
முதலில் பலகையை, பிறகு அவரைப்
படம் பிடித்துக்கொண்டு போயிற்று.

'உங்கள் பலகை வேலை செய்கிறது' என்றார் என்னிடம்.
சிரிக்கவில்லை. சிரிக்கிறாரா என்று
நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருஷத்துக்கு
இரண்டே சொல் போதும் என்கிறாள் மெத்கா.
பென்சில் இன்னும்
என் பக்கம்தான் கிடக்கிறது.