ஒரு விரற்கடை

கெனோரா. விடிய நாலரை. மைனஸ் முப்பத்தொன்று.
'டக்' என்றது.
"பூட்டிட்டுது" என்றான் சுகிர்தன்,
கண்ணாடியை அரைவாசி இறக்கி.

சத்தத்தை நான் நம்புவதில்லை.
ரோச் பிடித்துக் குனிந்தேன்.
தட்டுக்கும் ட்ரெயிலருக்கும் நடுவே
ஒரு விரற்கடை வெளிச்சம்.
இருக்கக் கூடாத வெளிச்சம்.

"கழட்டு. முன்னுக்கு எடு."

போன கோடைக் கிறீஸ் மெழுகாய் இறுகி
தாடையை மூடவிடாமல் கிடந்தது.
திருப்புளியால் சுரண்டினேன்.
கட்டி கட்டியாய்க் கறுப்பு,
ஒன்றில் தும்பிச் சிறகு,
ஓகஸ்ட் மாதத்துப் பளபளப்போடு.

புதுக் கிறீஸ் கையாலேயே பூசி
"இனிப் பின்னுக்கு. மெல்ல."
டக்.
"இழுத்துப் பார்."
லொறிதான் குலுங்கியது,
ட்ரெயிலர் அசையவில்லை.

மறுபடி குனிந்தேன்.
இருட்டு.
அப்பாடா, நல்ல இருட்டு.

கழற்றிய கையுறையை
வின்னிபெக் வரைக்கும் தேடினேன்.