தோன்றா எழுவாய்

ஆனி பிறந்து நாலாம் நாள்
பணகுடிக்குத் தெற்கே நாற்பத்தேழாம் காத்தாடியின்
கியர் பாக்ஸிலிருந்து எண்ணெய் ஒழுகியது.
இருநூறு லிட்டர் இருக்கலாம்.
மேல்காற்று அதை நேராகக் கீழே விழவிடவில்லை.
விடலிப்பனை ஓலைகளில், செம்மண்ணில்,
பலவேசத்தின் கிணற்று வாய்வரைக்கும்
கரும்புள்ளிகளாய்த் தெளித்துப் போட்டது.

சைட் ஆபீசில் எழுதுவது என் வேலை.
ஒரே ஒரு அறிக்கை எழுதினேன், இரண்டு பக்கம்.
"மேற்படி சம்பவம் தொடர்பாக" என்று எழுந்து
"இதன்மூலம் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது" என்று உட்காரும்.
பெருமையாகத்தான் இருந்தது.
மூன்று நகல் எடுத்தேன்.
சென்னைக்கு ஒன்று, இரவு ஷிப்ட் மிக்கேலுக்கு ஒன்று,
பலவேசத்துக்கு ஒன்று.
மூன்று உடம்புக்கும் ஒரே அளவில் சட்டை.

ரகோத்தமன் சென்னையிலிருந்து கூப்பிட்டார்.
"எத்தனை நாள் நிற்கும்? எவ்வளவு செலவு?
அது எங்கே இருக்கிறது?"
இரண்டாம் பக்கத்துக் கடைசிப் பத்தியில் இருந்தது.
அவரோ முதல் பக்கம் மூன்றாம் வரியிலேயே
லிப்டை விட்டு இறங்கிப் போயிருந்தார்.

மிக்கேல் அதை நாலாய் மடித்து
டீ கிளாஸுக்கு அடியில் வைத்திருந்தான்.
"எந்த வால்வ மூடணும்னு ஒரு வரி போட்டிருந்தா
இருட்டுல எம்பது மீட்டர் ஏறிக்கிட்டு
ஒங்களுக்குப் போன் பண்ணிருக்க மாட்டேம்லா?"
ஒரு கையில் டார்ச் பிடித்துக்கொண்டு படிப்பவன் அவன்.
மேசை விளக்கடியில் எனக்கு அது தோன்றவில்லை.

பலவேசம் நேரில் வந்தார்.
பதினோரு ஆடும் கேட்டுக்கு வெளியே நின்றன.
முழுக்கப் படித்திருந்தார்.
சில வரிகளுக்குக் கீழே நகத்தால் கீறியிருந்தது.
"ரொம்ப நல்லா எழுதியிருக்கிய.
ஒண்ணுதான் வெளங்கல.
ஆடு அந்தத் தண்ணியக் குடிக்கலாமா, கூடாதா?"

இரண்டு பக்கத்திலும் ஆடு இல்லை.
கிணறுகூட இல்லை;
"அருகமை நீராதாரம்" என்று ஏதோ இருந்தது.

அன்று சாயங்காலம் மூன்று வெற்றுத் தாள் எடுத்தேன்.
ரகோத்தமனுக்கு: எட்டு நாள், ஆறரை லட்சம்.
காரணம் கீழே, நேரமிருந்தால்.
மிக்கேலுக்குக் கொட்டை எழுத்தில் ஆறே வரி,
எண்ணெய்க் கை பட்டாலும் அழியாதபடி பிளாஸ்டிக் உறையில்.
பலவேசத்துக்கு: குடிக்கக் கூடாது.
காலை ஏழு மணிக்கு டேங்கர் உங்கள் விளைக்கு வரும்.
சோதனை முடிவு தெரிந்ததும் நானே வந்து சொல்கிறேன்.
"நானே வந்து" என்பதை ஒருமுறை அடித்தேன்.
பிறகு திரும்ப எழுதினேன்.

மூன்றிலும் ஒரு வரி மட்டும் மாறாமல் நின்றது:
"பராமரிப்புத் தேதி தள்ளிப்போனது."
நல்ல வரி. யார் மேலும் இடிக்காமல் போகிற வரி.
தேதி தானாகவே எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு
காற்றோடு கிழக்கே நடந்துவிட்டதுபோல.

சீலை மாற்றச் சொல்லி மே மாதம் மிக்கேல் கொடுத்த சீட்டு
என் இழுப்பறையில் கிடக்கிறது.
சீசன் நேரம், நிறுத்தினால் யூனிட் போய்விடும் என்று
சென்னை சொல்லவில்லை.
சொல்லும் என்று நானே நினைத்துக்கொண்டேன்.

ஜன்னலுக்கு வெளியே எல்லாம் சுற்றின.
நாற்பத்தேழு மட்டும் கைவிரித்து நின்றது.

தள்ளிப்போட்டேன்,
என்று திருத்தினேன்.
நான் என்று தனியே எழுதத் தேவையில்லை.
வினையின் வாலில் ஏன், ஏன் என்று
அதுவே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ரகோத்தமன் தாளில் அது நாலாம் வரி.
மிக்கேலுக்கு உறைக்கு வெளியே, தனிச் சீட்டில்.
பலவேசத்தின் தாளில் எங்கே வைப்பதென்றுதான்
வெகுநேரம் ஆனது. முதல் வரியாய் வைத்துப் பார்த்தேன்;
மன்னிப்பு மாதிரி கம்பீரமாய் இருந்தது.
எடுத்துக் கடைசிக்குக் கொண்டுபோனேன்.
ஆட்டுக்குத் தாகம்.
அது முதலில்.