வால்வு

ஒத்தக்கடை தாண்டி மேலூர் ரோட்டில்
யானைமலை சாயங்காலம் நிழல் இறக்கும் இடத்தில்
என் பஞ்சர் கடை.
ஒரு கம்ப்ரசர், ரெண்டு ஜாக்கி,
ட்யூப் முக்கிப் பார்க்கச் சிமெண்ட் தொட்டி ஒன்று.

ஐப்பசியின் இரண்டாம் மழைக்கு மறுநாள்
தொட்டிக்கு மேலே ஆணியில் தொங்கிய
டிராக்டர் டயரின் உள்மடிப்பில்,
சவரம் செய்துவிட்டு யாரோ
முகம் கழுவாமல் போன மாதிரி
நுரை.

துடைக்கத் துணி எடுத்தேன்.
நுரைக்குள் ஜவ்வரிசி.
மீட்டர் பெட்டிக்கு அடியில்
சுவரோடு சுவராய் ஒட்டியிருந்தது
ஒரு மரத்தவளை,
விரல் நுனியெல்லாம் வட்ட வட்டமாய்ப் பேட்ச்.
ராத்திரி முழுக்கப் பின்னங்காலால் கடைந்த அலுப்பு
அதன் கண்ணில் இருந்ததா, தெரியாது.
துணியைத் தோளில் போட்டுக்கொண்டேன்.

நாலாம் நாள் நுரை இளகிச் சொட்டியது.
சொட்டிய ஒவ்வொன்றுக்கும் வால்.

அன்றிலிருந்து ட்யூபுக்குப் பெயிண்ட் வாளி.
தொட்டி அவர்களுக்கு.

முதல் வாரம் வெறும் சீரகம்.
அப்புறம்தான் முகம் வந்தது:
மூக்கு நுனியில் ஒரு வெள்ளைப் புள்ளி,
வெல்டிங் பொறி விழுந்து ஆறாமல் நின்றதுபோல.
கண் இரண்டும் லாரிக் கண்ணாடிபோல
ஓரத்துக்கு ஒன்று.
வாலின் மேலும் கீழும் விரிந்த தோல்
எந்த ட்யூபையும்விட மெலிசு,
அதன் வழியே பின்னால் இருந்த பாசி தெரிந்தது.
மல்லாந்து புரண்டால்
வயிற்றுக்குள் சுருட்டி வைத்த குடல்,
வாட்ச் ஸ்பிரிங்.

தொட்டிச் சுவரில் பாசியைச்
சுரண்டிச் சுரண்டித் தின்றார்கள்.
கறுப்பு அலகு, அதைச் சுற்றிப் பொடிப் பல்வரிசை.
பேட்ச் ஒட்டுமுன் நானும்
இப்படித்தான் அரம் போடுவேன்.

அவ்வப்போது ஒருவன் மேலே வந்து
ஒரு வாய் காற்று குடித்துத் திரும்புவான்.
ஒரு குமிழி.
உடனே என் கை தீக்குச்சி தேடும்,
ஓட்டையில் குத்தி அடையாளம் வைக்க.
இருபது வருஷப் பழக்கம்.

கார்த்திகையில் ஒருநாள்
ஷேர் ஆட்டோ மந்தக்காளை
செயின் மாட்டிய கையை
அவசரமாய்த் தொட்டியில் அலம்பினார்.
தண்ணீர் மேல் வானவில் விரிந்தது.
காற்றுக்கு வந்தவர்கள் முட்டித் திரும்பினார்கள்.
தினத்தாளை ஒவ்வொரு தாளாய் விரித்துப் போட்டு
எண்ணெயை ஒற்றி ஒற்றி எடுத்தேன்.
அவர் பார்த்துக்கொண்டு நின்றார்.
சவாரிக்கு ஆள் கூப்பிட்டதும் போய்விட்டார்.
மறுநாள் காலையில்
வெள்ளை வயிறு காட்டிப் பதினொன்று.

மதியம் ஆட்டோவின் பின்சீட்டில்
இரண்டு கேன் வந்து இறங்கியது.
நரசிங்கம் குளத்துத் தண்ணீர் என்றார்.
வேறெதுவும் பேசவில்லை.
நானும் காற்றடித்த காசு வாங்கவில்லை.

மிச்சமிருந்தவர்களுக்குப் பின்னங்கால் முளைத்தது.
முன்னங்கை ரொம்ப நாள் உள்ளேயே மடங்கிக் கிடந்து
தோலைப் புடைத்தது,
வெடிக்கப்போகிற ட்யூப் மாதிரி.
இடப்பக்கம் மட்டும் ஒரு துளை உண்டு அவர்களுக்கு,
வாயில் போன தண்ணீர் வெளியேற.
வால்வு என்றுதான் வைத்திருந்தேன் பெயர்.
ஒரு காலையில் அந்த வால்வு வழியாக
இடது கை நீண்டது,
நாலு விரலோடு.

அதற்கப்புறம் தின்னவில்லை.
தன் வாலையே உள்ளே இழுத்துச்
செலவழித்துக்கொண்டிருந்தார்கள்.

மார்கழிப் பனியில் கடை திறந்தபோது
தொட்டியில் தண்ணீர் மட்டும்.
சுவரில் இரண்டு, டயரில் ஒன்று,
கம்ப்ரசர் மீட்டர் கண்ணாடியில் ஒன்று:
நகத்தளவு உடம்பு,
பின்னால் அரை மிளகு நீளம்
இன்னும் தீராத வால்.
முள் அதன் வயிற்றுக்கு அடியில் இருந்தது.

முன் சக்கரத்துக்கு முப்பது வையுங்க என்றார்
பைக்கில் வந்தவர்.
மீட்டரைப் பார்க்காமல் அடித்தேன்.
கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துச்
சரியா இருக்கு, போங்க என்றேன்.